கொல்லை மண்ணுக்கு எது: தக்கைப்பூண்டா, சணப்பா, உளுந்தா, கேழ்வரகா?

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் கொல்லையிலிருந்த நான்கு தென்னைகளையும் சாய்த்துவிட்டுப் போனது. அதுவரை வெயில் எட்டிப் பார்க்காத நாலு சென்ட் இடம் விடிந்ததும் வெட்டவெளியாகக் கிடந்தது. மன்னார்குடிப் பக்கத்துக் களிமண். ஐப்பசியில் கால் புதையும், சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். காய்கறி போடுவதற்கு முன் மண்ணைத் தேற்ற வேண்டும் என்றுதான் ஒவ்வொன்றாக விதைத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

டெல்டாவில் பசுந்தாள் உரம், அதாவது பச்சையாகவே வெட்டி மண்ணில் மடக்கி உரமாக்குகிற செடி என்றாலே முதலில் வாயில் வருவது தக்கைப்பூண்டு. குறுவைக்கு முன் வயலில் விதைப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஏக்கருக்கு 20 கிலோ என்பது வயல் கணக்கு, அதாவது சென்ட்டுக்கு 200 கிராம். சித்திரைக் கடைசியில் கோடை மழை ஒன்று விழுந்ததும் தூவினால் ஆனி முதல் வாரத்தில் பூவெடுக்கும். அப்போதே வெட்டி மண்ணில் மடக்கிவிட்டு, பதினைந்து நாள் மக்கவிட்டால் ஆடிப்பட்டத்துக்குப் பாத்தி தயார். தண்ணீர் நின்றாலும் சாகாது. பேரிலேயே தக்கை இருக்கிறதே: மூழ்கிய தண்டில் தக்கை மாதிரி ஒரு திசு உருவாகி, அதன் வழியாக வேருக்குக் காற்றுப் போகிறது. உப்பும் களரும் தாங்கும் என்பதால் வேதாரண்யம் பக்கத்துக் கொல்லைகளுக்கு வேறு யோசனையே தேவையில்லை.

இதில் நாள் தவறினால் தொலைந்தோம். முதல் வருஷம் ‘இன்னும் கொஞ்சம் தழை வரட்டும்’ என்று எழுபது நாள் விட்டேன். ஆளுயரம் தாண்டி, தண்டு விறகாகிவிட்டது. அரிவாளால் வெட்டி அடுப்பில் வைத்ததுதான் மிச்சம். அடிக்கட்டை மண்வெட்டியைத் தடுத்துக்கொண்டே இருந்தது. வயலில் டிராக்டர் பார்த்துக்கொள்ளும். கொல்லையில் நம் முதுகுதான் டிராக்டர், ஆகவே நாற்பத்தைந்து நாளைத் தாண்டவே கூடாது.

சணப்பு இதைவிட மெல்லிய தண்டு, மடக்க எளிது. மஞ்சள் பூ பார்க்கவும் அழகு. கத்தரி, தக்காளி, வெண்டைச் செடியைப் பிடுங்கும்போது வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால், அது நூற்புழு. அந்தப் பாத்திக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சணப்பைத்தான் சொல்வேன். வேர்முடிச்சு நூற்புழு அதில் பெருகுவதில்லை. ஆனால் அதற்குத் தண்ணீர் நிற்கவே கூடாது. ஐப்பசியில் தாழ்வான மூலையில் விதைத்தேன். மூன்று நாள் நீர் நின்றது, மொத்தமும் மஞ்சளாகிச் சாய்ந்தது. பக்கத்திலேயே பழைய விதையிலிருந்து தானாக முளைத்த தக்கைப்பூண்டு எதுவும் நடக்காதது போல நின்றுகொண்டிருந்தது.

கொளுஞ்சி என்று இன்னொரு பசுந்தாள் செடி, அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாடு மேயாது, வறட்சி தாங்கும், ஒருமுறை விழுந்த விதை வருஷா வருஷம் முளைக்கும். விதைத்தோல் கடினம், மணலோடு சேர்த்து இடித்துத்தான் விதைக்க வேண்டும். வளர்ச்சியும் நிதானம். வேலியோரத்துக்குச் சரி, பாத்திக்கு வேண்டாம்.

பலதானிய விதைப்பையும் ஒருமுறை செய்தேன். தானியம், பயறு, எண்ணெய்வித்து, வாசனைப்பொருள், பசுந்தாள் என வகைக்கு நான்காக இருபது விதை. ஒரு ஏக்கருக்கு அது சரியாக வரும். ஒரு சென்ட்டுக்கு அஞ்சறைப்பெட்டியைக் காலி செய்ததுதான் நடந்தது. சமையல்கட்டிலிருந்து எடுத்த உடைத்த உளுந்து முளைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி வாய்க்கும் ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளிப்பது நம் ஊர் வழக்கம். மண்ணின் மிச்ச ஈரத்தையும் பனியையும் குடித்தே வளரும். தையில் கொல்லையிலும் அதையே செய்யலாம், சென்ட்டுக்கு 100 கிராம் முழு உளுந்து போதும். எழுபது நாளில் இரண்டு மூன்று கிலோ வரலாம். நெற்றைப் பறித்தபின் செடியைப் பிடுங்காமல் அடியோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விட வேண்டும். இளஞ்செடியில் ஒன்றைத் தோண்டி, வேரில் சின்ன உருண்டையாக ஒட்டியிருக்கும் வேர்முண்டை (இது நூற்புழு முடிச்சு இல்லை) நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடிக்கிற வேலை நடக்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு உளுந்தோடு அடுப்படிக்குப் போய்விடுகிறது. தக்கைப்பூண்டு கொடுக்கிற அளவுக்கு மண்ணுக்கு இது கொடுக்காது.

சிறுதானியத்தில் குதிரைவாலியை முதலில் எடுத்தேன், ஈரம் தாங்கும் என்பதால். பெரியப்பா வேலியோரம் நின்று பார்த்தார். “ஏன்டா தம்பி, வயல்ல அந்தப் புல்லைப் பிடுங்கி முதுகு ஒடிஞ்சது போதாதா? கொல்லையில வேற வெதைச்சு வளக்குறியா?” வயலில் களையாக நிற்பதும் இதுவும் பங்காளிகள்தான், அவர் சொன்னதில் தப்பில்லை. பயிர் நன்றாகவே வந்தது. சிக்கல் அறுப்புக்குப் பிறகு. குதிரைவாலி, தினை, சாமை, வரகு எல்லாவற்றுக்கும் உமி நீக்க வேண்டும், வரகுதான் இருப்பதிலேயே மோசம். மூன்று கிலோவைத் தூக்கிக்கொண்டு நெல் அரைக்கிற மில்லுக்குப் போனால் சிரிக்கிறார்கள். உரலில் குத்திப் புடைத்து முடிப்பதற்குள், கடையில் வாங்கியிருக்கலாம் என்று தோன்றிவிடும்.

கேழ்வரகுக்கு அந்த வம்பு இல்லை. கதிரைக் கசக்கிப் புடைத்து நேராக மாவு மில்லுக்குக் கொண்டுபோகலாம். கம்பும் அப்படித்தான், ஆனால் கம்பங்கதிரைக் கிளிக்கும் குருவிக்கும் கொடுத்த பிறகு மிச்சம் இருந்தால்தான் நமக்கு. கேழ்வரகை நாற்று விட்டு, பதினெட்டு இருபது நாளில் பிடுங்கி நடலாம். ஒரு சென்ட்டுக்கு 20 கிராம் விதை, உள்ளங்கையில் அடங்கிவிடும். வயலில் ஏக்கருக்கு ஒரு டன் என்றால் சென்ட்டுக்குப் பத்து கிலோ ஆகிறது. கொல்லையில் பாதி கிடைத்தாலே எனக்குத் திருப்தி. இது மண்ணுக்குத் தழைச்சத்து எதுவும் தராது, எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் அந்தச் சல்லிவேர் போன இடத்தில் களிமண் பொலபொலவென்று உதிர்வதை நானே பார்த்தேன்.

இந்தத் தையில் இரண்டு சென்ட் உளுந்து, ஒரு சென்ட் கேழ்வரகு. கத்தரி போட்டு நூற்புழு கண்ட மேட்டுப் பாத்தியில் சணப்பு. தாழ்வான மூலையை மட்டும் சும்மா விட்டிருக்கிறேன், சித்திரை மழைக்கு அங்கே தக்கைப்பூண்டு தானே முளைத்துவிடும்.