தனியாக ரிவர்ஸ் கிரிப் பெஞ்ச்: பவர் ரேக்கா, ஸ்மித் மெஷினா?

ரிவர்ஸ் கிரிப் பெஞ்ச் என்றால் பெஞ்சில் மல்லாந்து படுத்து, உள்ளங்கை முகத்தைப் பார்க்கப் பாரைப் பிடித்து, நெஞ்சுவரை இறக்கி ஏற்றுவது. இந்தப் பிடியில் பார் நழுவினால் நேராகக் கழுத்துக்கோ நெஞ்சுக்கோதான் வரும். அதனால் பவர் ரேக்கில் (கொக்கியும் பக்கவாட்டுக் கம்பியும் உள்ள இரும்புச் சட்டம்) செய்தாலும், ஸ்மித் மெஷினில் (பார் தண்டவாளத்தில் மட்டும் மேலும் கீழும் ஓடும்) செய்தாலும் கட்டைவிரல் பாரைச் சுற்றியே இருக்கட்டும்.

பாரை எடுப்பது:
ரேக்: இதுதான் உண்மையான தலைவலி. கை திரும்பியிருப்பதால் கொக்கியிலிருந்து தூக்கும்போது மணிக்கட்டு தடுமாறும். கொக்கியைத் தாழ்வாக வையுங்கள், முழங்கை லேசாக மடங்கியிருக்கும் உயரம் போதும்.
ஸ்மித்: சுலபம். ஆனால் கொக்கியை மாட்டப் பாரைச் சுழற்றும் அசைவு இந்தப் பிடியில் கைக்குப் புதிதாக இருக்கும். வெறும் பாரில் பத்து முறை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள்.

பாருக்கு அடியில் மாட்டிக்கொண்டால்:
ரேக்: பக்கவாட்டுக் கம்பிகள் தாங்கும். முதுகை வளைத்துப் படுத்தால் நெஞ்சைவிடச் சற்றுத் தாழ்வாகவும், அதே கம்பி தட்டையாகப் படுத்தால் கழுத்தைவிட உயரமாகவும் இருக்க வேண்டும். காலி பாரில் சோதித்த பிறகே பிளேட் ஏற்றுங்கள்.
ஸ்மித்: கொக்கி மட்டும் போதாது, பார் மேலும் இறங்காமல் தடுக்கக் கீழே ஸ்டாப்பரும் வேண்டும். பலர் அதைத் தொடுவதே இல்லை!

பாரின் பாதை:
ரேக்: நெஞ்சின் அடிப்பகுதியில் இறங்கி, ஏறும்போது தோளை நோக்கி இயல்பாக வளையும்.
ஸ்மித்: தண்டவாளம் போட்ட வழிதான். பெஞ்ச் சற்றுத் தள்ளியிருந்தாலே மணிக்கட்டு வலிக்கலாம்.

பிடி புதிதென்றால் முதலில் சில வாரங்கள் ஸ்மித். எடை கூட்டும் எண்ணமிருந்தால் ரேக். இரண்டும் இல்லை, வெறும் பெஞ்ச் மட்டும்தானா? அப்படியென்றால் தனியாக இதைச் செய்ய வேண்டாம்.