பிரிட்டன் இ-விசா: செக்-இன் கவுண்டரில் எதைக் காட்டுவது?

பிரிட்டனில் வாழும் நம்மவர்கள் சென்னைக்கோ கொழும்புக்கோ போய்விட்டுத் திரும்பும்போது, "யூகே விசா எங்கே?" என்ற கேள்வி அங்கே செக்-இன் கவுண்டரிலேயே வந்துவிடுகிறது. முன்பு பிஆர்பி என்ற வசிப்பு அனுமதி அட்டையை நீட்டினால் வேலை முடிந்தது. 2024 அக்டோபரோடு அந்த அட்டையைக் கொடுப்பதைப் பிரிட்டனின் உள்துறை அமைச்சகமான ஹோம் ஆபீஸ் நிறுத்திவிட்டது. 2025 ஜூலை 15 முதல் புதிதாக வரும் மாணவர்கள், வேலை விசாக்காரர்கள் பெரும்பாலோருக்குப் பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கரும் ஒட்டுவதில்லை. கூட வரும் குடும்பத்தாருக்கு அப்போது அது தொடர்ந்தது. ஆக, அனுமதி 'இ-விசா' என்ற பதிவாகக் கணினியில் இருக்கிறது, கையில் காட்ட ஒன்றும் இல்லை.

அப்படியானால் எதை நம்பிக் கிளம்புவது? காலாவதியான பழைய அட்டை, வெறும் பாஸ்போர்ட், இ-விசாப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் அல்லது அச்சுத்தாள், ஷேர் கோட் (நம் அனுமதியை மற்றவர் இணையத்தில் பார்க்க நாம் கொடுக்கும் குறியீடு) என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். நான் ஷேர் கோடைத்தான் பிடித்துக்கொண்டேன். அதோடு ஒரு அச்சுத்தாளும் பையில் இருக்கும். இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பழைய அட்டையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பெரும்பாலான அட்டைகளில் 2024 டிசம்பர் 31 என்றுதான் முடிவுத் தேதி போட்டிருந்தார்கள், உள்ளே இருந்த அனுமதி அதற்குப் பிறகும் நீண்டாலும்கூட. காலாவதியான அட்டையோடு பயணம் செய்யக் கொஞ்ச காலம் விட்டுக்கொடுத்தார்கள். முதலில் 2025 மார்ச் இறுதி வரை என்றார்கள், பிறகு ஜூன் தொடக்கம் வரை நீட்டித்தார்கள். இப்போது கவுண்டரில் அதை நீட்டுவதால் பயனில்லை. ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இ-விசாவைப் பார்ப்பதற்கான இணையக் கணக்கை, அதாவது யூகேவிஐ கணக்கைத் திறக்கும்போது நிறையப் பேர் கொடுத்தது அந்த அட்டையின் எண்ணைத்தான். கணக்குக்குள் நுழைய இன்றைக்கும் அதே எண்ணைக் கேட்கக்கூடும். பின்னால் வேறு விண்ணப்பம் போடும்போதும் உதவும் என்பதால், வைத்திருக்கச் சொல்லி ஹோம் ஆபீஸே சொல்கிறது. வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த பெரியவர்கள் சிலரிடம் அட்டையே இருந்ததில்லை. பழைய பாஸ்போர்ட்டில் மையில் குத்திய நிரந்தர வசிப்பு முத்திரைதான் இருக்கும். அந்த முத்திரை இன்னும் செல்லும். ஆனால் கவுண்டரில் நிற்கும் இளைஞருக்கு அப்படி ஒன்றைப் பார்த்த பழக்கம் இருக்காது. இ-விசாவாக மாற்றிக்கொள்ள 'நோ டைம் லிமிட்' என்றொரு விண்ணப்பம் இருக்கிறது. அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் உட்கார்ந்து போட்டுக் கொடுக்க வேண்டிய வேலை அது.

அடுத்தது வெறும் பாஸ்போர்ட். இதை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செக்-இன் செய்யும்போது பாஸ்போர்ட் விவரம் விமான நிறுவனத்திலிருந்து பிரிட்டனின் எல்லை அமைப்புக்குப் போகிறது. இவரை ஏற்றலாமா என்று அங்கிருந்து பதில் வருகிறது. எல்லாம் சரியாக இருந்தால் உங்களிடம் யாரும் எதுவும் கேட்கவே மாட்டார்கள், போர்டிங் பாஸ் வந்துவிடும். எனக்கும் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் எல்லா விமான நிறுவனத்திலும், எல்லா ஊர்க் கவுண்டரிலும் இது ஒரே மாதிரி நடப்பதில்லை. பதில் வரத் தாமதமானாலோ, எதிர்மறையாக வந்தாலோ, கவுண்டரில் இருப்பவர் கையைப் பிசைவார். அவரைக் குறை சொல்ல முடியாது. உரிய ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிவந்தால் 1999ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 2,000 பவுண்டு அபராதம். சந்தேகம் வந்தால் ஏற்றாமல் விடுவதே அவருக்குப் பாதுகாப்பு. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

சரி, ஸ்கிரீன்ஷாட் போதாதா? இ-விசா என்பது வங்கிக் கணக்கு மாதிரி, நாம் அச்சடிக்கும் தாள் பாஸ்புக் மாதிரி. பாஸ்புக்கில் இருப்பதை நம்பிக் காசாளர் பணம் எண்ணிக் கொடுக்க மாட்டார், கணக்கைத் திறந்து பார்ப்பார். வேலை கொடுப்பவரும் அப்படித்தான். நீங்கள் அனுப்பும் படத்தை வைத்துக்கொண்டு ஒருவரை வேலைக்குச் சேர்த்தால் பின்னால் சட்டப் பாதுகாப்பு கிடைக்காது. அவரே இணையத்தில் பார்த்தாக வேண்டும். இங்கிலாந்தில் வீடு வாடகைக்கு விடுபவர்களுக்கும் இதே கதைதான். ஆனாலும் அச்சுத்தாளை நான் விடவில்லை. இ-விசா என்ற பெயரையே அதிகம் கேள்விப்படாத ஒருவரிடம் வாயால் விளக்குவதைவிட, படமும் பெயரும் முடிவுத் தேதியும் உள்ள ஒரு தாளைக் காட்டினால், எதைத் தேட வேண்டும் என்பது அவருக்கு உடனே புரிகிறது. அதற்கு மேல் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

ஷேர் கோட் இந்த இடத்தில்தான் உதவுகிறது. யூகேவிஐ கணக்குக்குள் போய், எதற்காக என்று தேர்ந்தெடுத்தால் எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஒன்பது இடம் கொண்ட ஒரு குறியீடு கிடைக்கும். வேலைக்கான கோட் 'டபிள்யூ'வில் தொடங்கும், வாடகைக்கானது 'ஆர்', மற்ற எல்லாவற்றுக்கும் 'எஸ்'. பயணத்துக்கு வேண்டியது 'எஸ்'. அவசரத்தில் வேலைக்கான கோடை எடுத்துக்கொண்டு விமான நிலையம் போகிறவர்கள் உண்டு. விமான நிறுவனத்தார் பார்க்க வேண்டிய பக்கத்தில் அது வேலை செய்யாது. பார்ப்பவர் கோடையும் உங்கள் பிறந்த தேதியையும் அரசுத் தளத்தில் போட்டால் உங்கள் படம், அனுமதியின் வகை, முடியும் நாள் எல்லாம் அவருடைய திரையிலேயே வரும். உங்கள் போனை அவர் நம்ப வேண்டியதே இல்லை. இதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

ஒரு கோட் 90 நாள் செல்லும். அதற்குள் எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம், வேண்டுமென்றால் புதிதாக இன்னொன்றும் எடுத்துக்கொள்ளலாம். காலாவதியாவது கோட் மட்டும்தான், அனுமதி அப்படியே இருக்கும். கிளம்புவதற்கு முன் பிரிட்டனிலேயே எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். இதற்குக் காரணம் உண்டு. கணக்குக்குள் நுழையும்போது ஒரு பாதுகாப்பு எண் போனுக்கோ மின்னஞ்சலுக்கோ வரும். ஊரில் இறங்கியதும் உள்ளூர் சிம்மை மாற்றிக்கொள்கிறோம். பிரிட்டன் எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தி கையில் கிடைக்காது. மின்னஞ்சலையும் கணக்கில் சேர்த்து வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கோட் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால் கணக்குக்குள் நுழையவே தேவையில்லை.

கவுண்டரில் இருப்பவருக்கு அதற்கும் மனசு வரவில்லை என்றால், விமான நிறுவனங்களுக்கென்றே ஹோம் ஆபீஸ் 24 மணி நேரமும் நடத்தும் உதவி மையம் இருக்கிறது. நாம் கூப்பிட முடியாது, அவர்கள்தான் கூப்பிட வேண்டும். "உங்கள் உதவி மையத்தில் கேளுங்கள்" என்று பணிவாகச் சொல்லலாம். அதற்கு நேரம் வேண்டும் என்பதால் நான் கவுண்டர் திறக்கும் நேரத்துக்கே போய்விடுகிறேன்.

அட்டைக் காலத்தை நினைத்து ஏங்குபவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் பிஆர்பி தொலைந்தால் அங்கிருந்தே 154 பவுண்டு கட்டி, ஒரே ஒரு முறை நுழைய ஒரு மாற்று விசா வாங்கி, அது வரும் வரை காத்திருந்துதான் திரும்ப முடிந்தது. பர்ஸோடு அட்டை போனதால் விடுமுறையை நீட்டி, வேலையிடத்தில் மன்னிப்புக் கேட்டவர்களை நான் அறிவேன். இ-விசாவில் தொலைக்க ஒன்றும் இல்லை.

ஆனால் இதற்குப் பராமரிப்பு வேண்டும். எல்லாமே பாஸ்போர்ட் இணைப்பில்தான் நிற்கிறது. மேலே சொன்ன வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், கடைசியில் முடிவு செய்வது இதுதான்.

உங்கள் கணக்கில் ஒரு பாஸ்போர்ட் எண் பதிந்திருக்கிறது. எல்லை அமைப்பு உங்களைத் தேடுவது அந்த எண்ணை வைத்துத்தான். இந்தியப் பாஸ்போர்ட் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எண் மாறும், இலங்கைப் பாஸ்போர்ட்டும் அப்படியே. அட்டைக் காலத்தில் பாஸ்போர்ட் மாறினாலும் அட்டை அதே அட்டை, இரண்டையும் சேர்த்துக் காட்டினால் போதும். இப்போது புது எண் கணக்கில் ஏறாத வரை, செக்-இன் அமைப்புக்கு நீங்கள் அனுமதி இல்லாத ஒரு வெளிநாட்டுக்காரர். அனுமதி உங்கள் பெயரில் பத்திரமாக இருக்கும், ஆனால் தானியங்கிப் பதில் எதிர்மறையாக வரும். அப்போது உங்களை மீட்கக்கூடியது ஷேர் கோடோ அந்த உதவி மையமோதான், அதுவும் கவுண்டரில் இருப்பவர் பொறுமையாகப் பார்த்தால்.

எனவே புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே கணக்கில் சேர்த்துவிடுங்கள். பயண வாரம் வரை தள்ளிப்போட வேண்டாம், அந்த மாற்றம் பதிவாகச் சில நேரம் நாளெடுக்கும். விடுமுறைக்குப் போன இடத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கலாம் என்ற யோசனை வந்தால் இருமுறை யோசியுங்கள். தட்கலில் சீக்கிரம் கிடைத்துவிடும், உண்மைதான். ஆனால் திரும்பும் பயணத்துக்கு முன் அந்த எண்ணைக் கணக்கில் ஏற்றி, ஏறிவிட்டதா என்று பார்க்கும் வேலை உங்கள் தலையில்தான் விழும். முடிந்தால் பிரிட்டனிலேயே புதுப்பித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. பழைய பாஸ்போர்ட்டையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் அடிக்கடி வரும். இந்தியாவில் பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 ஆண்டு, சிறுவர்களுடையது 5 ஆண்டு அல்லது 18 வயது வரை, எது முதலில் வருகிறதோ அது. குழந்தைக்கும் தனிக் கணக்கு, தனி இணைப்பு, தனி ஷேர் கோட். நான்கு பேர் உள்ள குடும்பம் என்றால் நான்கு கோட். பெற்றோருடையதைக் காட்டினால் பிள்ளைக்கும் சேர்த்து என்று நினைக்கக் கூடாது.

பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழர்களில் ஒற்றைப் பெயர்க்காரர்கள் அதிகம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும், அல்லது தகப்பனார் பெயர் அங்கே ஏறியிருக்கும். கணக்கில் ஒரு வரிசை, பாஸ்போர்ட்டின் அடியிலுள்ள இரண்டு வரிகளில் வேறு வரிசை, டிக்கெட்டில் மூன்றாவது வரிசை என்று இருந்தால் கவுண்டரில் கேள்வி வரத்தான் செய்யும். இ-விசாவில் பிழை இருந்தால் தெரிவிக்க இணையத்தில் தனிப் பக்கம் உண்டு. பெயர், பிறந்த தேதி, படம், முடிவுத் தேதி நான்கையும் ஒருமுறை நிதானமாகச் சரிபார்த்துவிடுங்கள்.

மற்ற நாடுகளிலும் இந்தப் பாஸ்போர்ட் பிரச்சினை இருக்கிறது. ஆஸ்திரேலியா 2015 செப்டம்பர் 1-லேயே விசா லேபிளை நிறுத்திவிட்டது. அங்கே 'வீவோ' என்ற இணையச் சேவையில் அனுமதியைப் பார்க்கலாம், பாஸ்போர்ட் மாறினால் அங்கும் சொல்லியாக வேண்டும். கனடா இன்னும் பிஆர் அட்டையை (நிரந்தர வசிப்பு அட்டையை) விடவில்லை. வெளிநாட்டில் அது தொலைந்தால் தனிப் பயண ஆவணம் வாங்கித்தான் விமானம் ஏற முடியும். ஐக்கிய அரபு அமீரகம் 2022-இல் பாஸ்போர்ட் ஸ்டிக்கரை எடுத்துவிட்டு, எமிரேட்ஸ் அடையாள அட்டையையே வசிப்புச் சான்றாக்கியது. கையில் அட்டை, பின்னால் கணினிப் பதிவு என்ற அந்த ஏற்பாடுதான் எனக்கு எல்லாவற்றிலும் நல்லதாகப் படுகிறது. பிரிட்டனில் ஐரோப்பியர்களின் உரிமைக்காக இயங்கும் 'த த்ரீமில்லியன்' போன்ற அமைப்புகளும், இணையம் மட்டுமே என்ற முறை போதாது என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. அதில் நான் அவர்கள் பக்கம்.

அட்டை இல்லாத குறை உண்மையில் உறைப்பது மூன்றாவது நாட்டில். பிரிட்டனில் வசிப்பவர் என்பதற்காக விசாச் சலுகை தரும் நாடுகள் உண்டு. அந்த நாட்டு எல்லை அதிகாரி பிரிட்டிஷ் அரசுத் தளத்தைத் திறந்து ஷேர் கோடைப் போட்டுப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அவருக்கு அது கடமையும் இல்லை. இந்த விஷயத்தில் என் அனுபவம் குறைவு. ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்தபோது கோடும் அச்சுத்தாளும் சேர்த்துக் கொடுத்தேன், எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். வசிப்பு அனுமதியைக் காட்டி நேராக எல்லையில் விசா வாங்கும் வழியை நான் முயன்றதில்லை. அப்படிப் போகிறவர்கள், அந்த நாட்டுத் தூதரகத்திடமும் விமான நிறுவனத்திடமும் "இ-விசா செல்லுமா?" என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு டிக்கெட் போடுங்கள். வந்த மின்னஞ்சலை அச்சடித்து, ஷேர் கோட் தாளோடு சேர்த்துப் பின் குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.