விக்கல் புதிரா, கதவுப் புதிரா?

நாலு பேர் கூடும் இடத்தில் எந்தப் புதிரைப் போடலாம்? முதலில் விக்கல் புதிர்: ஒருவர் கடைக்குப் போய்த் தண்ணீர் கேட்கிறார். கடைக்காரர் துப்பாக்கியை நீட்டுகிறார். வந்தவர் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். ஏன்? அவர் தண்ணீர் கேட்டதே விக்கலுக்காக; அது பயத்தில் நின்றுவிட்டது. இந்த வகைப் புதிரில் விடை தெரிந்தவர் ‘ஆம்’, ‘இல்லை’ மட்டுமே சொல்வார். “அவருக்குத் தாகமா?” என்று யாரோ கேட்டு “இல்லை” என்று பதில் வந்ததும் மொத்தக் கூட்டமும் நிமிர்ந்து உட்காரும். ஆனால் ஒருமுறை தெரிந்துவிட்டால் தீர்ந்தது. இன்னும் பொருத்தமான விடை சொன்னாலும் ஏற்கமாட்டார்கள் என்பது என் பழைய மனக்குறை.

தர்க்கப் புதிரில் விடையை நிரூபித்துவிடலாம். ஆனாலும் சண்டை ஓயாது. ஒரு டிவி போட்டி: மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் பரிசாகக் கார், மற்றவற்றில் ஆடு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்ததும், கார் எங்கே என்று தெரிந்த தொகுப்பாளர் வேறொன்றைத் திறந்து ஆட்டைக் காட்டுகிறார். மீதமுள்ள கதவுக்கு மாறலாமா? மாறினால் ஜெயிக்கும் வாய்ப்பு 3-இல் 2. 1990-இல் அமெரிக்க எழுத்தாளர் மரிலின் வாஸ் சாவந்த் தன் பத்திரிகைப் பத்தியில் இதைச் சொன்னபோது, கணித முனைவர்கள்கூட ‘தப்பு’ என்று கடிதம் எழுதினார்கள். நம்பாதவரிடம் வாதாடாதீர்கள், மூன்று சீட்டுகளை வைத்து முப்பது தடவை ஆடிக் காட்டுங்கள்.

முன்பின் தெரியாதவர்கள் கூடினால் விக்கல்தான் சரி. பழகியவர்கள் என்றால் கதவு; கோபித்துக்கொண்டாலும் மறுநாள் பேசிவிடுவார்கள்.