பழச்சாற்றுக்கு வெப்பமா, உயரழுத்தமா? பராமரிப்பை முன்வைத்து ஓர் அலசல்

எங்கள் சிறிய பழச்சாறு ஆலைக்கு நோய்க்கிருமிகளை அழிக்கும் இயந்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது, எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பாஸ்டரைசேஷன் எனப்படும் வெப்பப் பதனம். மற்றொன்று உயரழுத்தப் பதனம். பாட்டிலில் அடைத்து மூடிய சாற்றை நீர் நிரம்பிய எஃகுக் கலத்தில் வைத்து, வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 6,000 மடங்கான 600 மெகாபாஸ்கல் அழுத்தத்தைச் சில நிமிடங்கள் செலுத்துவார்கள். ஆறு மாதங்கள் வாடகைக் கலத்தில் அழுத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, நாங்கள் வெப்பத்தைத் தேர்ந்தோம். மூன்று ஆண்டுகளாக அந்த இயந்திரத்துடன் பழகியவன் என்பதால், என் சார்பு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுவையில் அழுத்தமே மேல் என்பதில் விவாதம் இல்லை. அழுத்தம் நுண்ணுயிரிகளின் சவ்வையும் புரதங்களையும் சிதைக்கிறதே தவிர, மூலக்கூறுகளுக்குள் அணுக்களை இணைக்கும் சகப்பிணைப்புகளை உடைப்பதில்லை. ஆகவே மணமும் நிறமும் வைட்டமின்களும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. முறையாக இயக்கினால், நோய்க்கிருமிகளின் எண்ணிக்கையை லட்சத்தில் ஒன்றாகக் குறைக்க இரண்டாலும் முடியும். உறங்கும் நிலையில் எதையும் தாங்கிக் கிடக்கும் பாக்டீரியா வித்துகளை இரண்டுமே அழிப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அமிலத்தன்மை குறைந்த சாற்றில், அதாவது பி.எச். 4.6க்கு மேல் உள்ளதில், குளிர்ச்சி தவறினால் வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்கும். 2006இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் கேரட் சாறு குடித்தவர்களுக்குப் பாட்டுலிசம் என்னும் நச்சு நோய் வந்தது இந்த ஆபத்துக்குச் சான்று. இன்னொன்று, ஆரஞ்சுச் சாற்றைத் தெளியவைத்து அடியில் கசடு படியச் செய்யும், பெக்டின் என்ற பழப் பசைப்பொருளை மாற்றும் நொதி அழுத்தத்தைப் பெருமளவு தாங்கிக்கொள்கிறது. அதை அடக்க 90 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டியிருக்கிறது.

இவையெல்லாம் எடைபோடக்கூடியவை. எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. இயந்திரம் பழுதாகுமா என்பதைவிட, பழுது வரும்போது அது முன்கூட்டியே தன்னைக் காட்டிக்கொடுக்குமா என்பதுதான் உணவுப் பாதுகாப்பில் பெரிய கேள்வி என்று நான் நம்புகிறேன்.

மெல்லிய தட்டுகளுக்கிடையே சாற்றை ஓடவிட்டுச் சூடாக்கும் தட்டு வகை பாஸ்டரைசர் அந்த வகையில் மிகவும் வெளிப்படையான இயந்திரம். போதிய சூடு ஏறாத சாற்றை மூலத்தொட்டிக்கே திருப்பி அனுப்பும் வால்வை ஒவ்வொரு காலையும் வேண்டுமென்றே வெப்பத்தைக் குறைத்துச் சோதிக்கிறோம். வால்வு திரும்பாவிட்டால் அன்று உற்பத்தி இல்லை. பதிவுக் கருவி காட்டும் வெப்பநிலையைத் தனி வெப்பமானியோடு ஒப்பிட்டு எழுதிவைக்கிறோம். வெப்பத்தை மீட்கும் பகுதியில் பதனமான சாறும் இன்னும் பதனமாகாத பச்சைச் சாறும் மெல்லிய தட்டு ஒன்றின் இருபுறமும் ஓடுவதால், தட்டில் ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் கலப்பு நேரலாம். அதனால்தான் பதனமான பக்கத்தின் அழுத்தம் எப்போதும் கூடுதலாக வைக்கப்படுகிறது. கசிந்தாலும் நல்ல சாறுதான் பச்சைச் சாற்றுக்குள் போகும். ஒரு பருவத்தில், சாற்றை அதே சூட்டுக்குக் கொண்டுவர வெந்நீரின் வெப்பநிலையை இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டியிருந்ததைப் பதிவேட்டில் கவனித்தோம். தட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது, காரக் கழுவலின் அடர்த்தி குறைந்துபோனதால் பழச்சதை கருகி ஒட்டியிருந்தது. சாறு ஒருமுறைகூடச் சூடு குறைந்து வெளியேறவில்லை. ஆபத்து வருவதற்கு முன்பே எண்கள் சொல்லிவிட்டன. தட்டுகளுக்கிடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் இறுகிப்போனால் அதை எங்கள் ஆட்களே மாற்றுகிறார்கள். அதற்குப் பாதி நாள் போதும்.

உயரழுத்தக் கலத்தில் நிலைமை வேறு. ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் ஏறி இறங்குவதால் உலோகம் சோர்வடைகிறது; கலத்தின் ஆயுளையே சுற்றுகளின் எண்ணிக்கையில்தான் கணக்கிடுகிறார்கள். அழுத்தத்தைப் பெருக்கும் பம்பின் சீல்கள் தேய்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை மாற்றுவதற்குப் பயிற்சி பெற்ற வல்லுநர் வர வேண்டும். நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஆறு மாதங்களில் இரண்டு முறை அவருக்காகக் காத்திருந்தோம். ஆனால் அது ஒரே ஒரு கலத்தோடு ஏற்பட்ட குறுகிய அனுபவம். சொந்தமாக வல்லுநர் வைத்திருக்கும் பெரிய ஆலைக்கு இது பொருந்த வேண்டும் என்பதில்லை.

அங்கே என்னை அதிகம் அச்சுறுத்தியது வேறொன்று. அழுத்தம் பட்ட பாட்டிலும் படாத பாட்டிலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். 600 மெகாபாஸ்கலில் சாற்றின் சூடு ஏறத்தாழ 18 டிகிரி உயர்ந்தாலும், அழுத்தம் விலகியதும் அது இறங்கிவிடுவதால், தொட்டுப் பார்த்தும் அறிய முடியாது. அழுத்தம் படாத பாட்டில்களுக்கும் பட்டு முடிந்த பாட்டில்களுக்கும் தனித்தனிக் கதவும் தனி நிறக் கூடைகளும் வைத்துப் பிரிக்க வேண்டும். ஒரு கூடை இடம் மாறினால் இயந்திரத்தின் பதிவேட்டில் அது தெரியாது. 1996இல் பதனம் செய்யாத ஆப்பிள் சாற்றால் அமெரிக்காவில் ஈ. கோலை பாக்டீரியாவின் நோய் பரவியதை அறிந்த எவரும் ஒரு கூடையைச் சிறு பிழையாக எண்ண மாட்டார்கள்.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அழுத்தத்தில் சாறு மூடிய பாட்டிலுக்குள்ளேயே பதனமாவதால், பிறகு கிருமி புக வழியில்லை. எங்கள் முறையிலோ பதனத்துக்குப் பின்புதான் பாட்டிலில் நிரப்புகிறோம். எங்கள் பராமரிப்பு நேரத்தில் பாதியை நிரப்பும் குழாய்களின் தூய்மையே எடுத்துக்கொள்கிறது. சூட்டில் மணம் அடியோடு மாறிவிடுகிற ஒரே ஒரு சாற்றை மட்டும் இன்றும் வாடகைக் கலத்துக்கு அனுப்புகிறோம். அந்த நாட்களில் எங்கள் ஆலையைச் சேர்ந்த ஒருவர் உடன் சென்று, உள்ளே போன பாட்டில்களையும் வெளியே வந்த பாட்டில்களையும் எண்ணி ஒப்பிட்டுவிட்டுத்தான் திரும்புகிறார்.