அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் ஃபுல்டன் ஷீனின் பழைய டிவி உரைகள்: பங்கு ஹாலில் போடலாமா?

போடலாம். ஆனால் யூடியூபில் முதலில் வருவதை எடுத்துப் போட்டால் பிள்ளைகள் பத்தே நிமிடத்தில் செல்போனுக்குப் போய்விடுவார்கள். புதுச்சேரி, கடலூர் பக்கம் இளைஞர் கூட்டமும் மறைக்கல்வி வகுப்பும் நடத்துபவர்கள் 1952 பிப்ரவரியில் டூமான்ட் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘லைஃப் இஸ் வொர்த் லிவிங்’ தொடரிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. அதற்கு முந்தைய வானொலிப் பேச்சுகளில் பிரசங்க வாடை தூக்கல்.

செவ்வாய் இரவு 8 மணிக்கு, மில்டன் பெர்லின் காமெடி நிகழ்ச்சிக்கு எதிராக ஒரு ஆயர், ஒரு கரும்பலகை, ஒரு சாக்பீஸ். கையில் துண்டுச்சீட்டுகூடக் கிடையாது. அவருக்கு அமெரிக்க டிவிக்கான எம்மி விருது கிடைத்தபோது, தனக்கு எழுதிக் கொடுக்கும் நால்வருக்கு நன்றி சொன்னார்: நற்செய்தி எழுதிய மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்.

அவருடைய நகைச்சுவை சும்மா தூவிய கொத்தமல்லி இல்லை. பலகை நிரம்பியதும் அதை விட்டு நகர்வார். கேமராவும் கூடவே போகும். கேமராவுக்கு வெளியே ஒரு பணியாளர் துடைத்துவிடுவார். திரும்பி வந்தால் பலகை சுத்தம். எல்லாம் ஒரு வானதூதரின் வேலை என்பார். அரங்கம் சிரித்து ஓய்வதற்குள் அடுத்த வாதம் தொடங்கிவிடும். கனமான இரண்டு கருத்துகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் தருவதுதான் அந்தச் சிரிப்பின் வேலை. அதனால்தான் ஜோக்குகளை மட்டும் வெட்டி ஒட்டிய ரீல்கள் சப்பென்று இருக்கின்றன.

ஒரு உரை அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பலகை நிரம்பி, துடைக்கும் முன் நிறுத்துங்கள். அந்தப் படத்தைப் பிள்ளைகள் வரையட்டும். நீங்கள் இரண்டு நிமிடம் தமிழில் சொல்லுங்கள். இப்படி இரண்டு நிறுத்தம் போதும், முக்கால் மணியில் முடித்துவிடலாம். வேகத்தைக் குறைத்துப் போடாதீர்கள். அவர் வேண்டுமென்றே விடும் இடைவெளிகள் இழுவையாகிவிடும். தானாக வரும் தமிழ் சப்டைட்டிலை நம்ப வேண்டாம். ஆங்கில எழுத்தே தேவலாம்.

பெரும்பாலும் கெடுவது ஒலிதான். டிவி திரையையே ஃபிலிமில் பிடித்த பதிவுகள் இவை. படமும் மங்கல், குரலும் மங்கல். போதாக்குறைக்கு இடிமுழக்கத்திலிருந்து திடீரென்று கிசுகிசுப்புக்கு இறங்குவார். ஃபேன் சத்தத்தில் அது காதில் விழாது. தனி ஸ்பீக்கர் வைத்து, பாஸ் (அடித்தொனி) ஒலியைக் குறையுங்கள்.

இன்னொரு தொல்லை, ஏஐ குரலில் வரும் போலிகள். அசையாத ஒரு படம், பின்னணியில் சோக இசை, பலகையும் இல்லை, கூட்டத்தின் சிரிப்பும் இல்லை என்றால் ஒதுக்கிவிடுங்கள்.

மனசாட்சி, பிள்ளை வளர்ப்பு பற்றிய உரைகள் இன்றும் நிற்கின்றன. பெண்களைப் பற்றிய சில பேச்சுகள் 1950களின் அமெரிக்க வீட்டைத் தாண்டவில்லை. ஷேக்ஸ்பியரின் சீசர் இறுதிச்சடங்குக் காட்சியில் சோவியத் தலைவர் ஸ்டாலினின் பெயரைப் பொருத்தி அவர் வாசித்தது 1953 பிப்ரவரியில். மார்ச் 5-ல் ஸ்டாலின் இறந்தார். அதைத் தீர்க்கதரிசனம் என்று தலைப்பிட்டுச் சுற்றவிடுகிறார்கள். நடிப்பாகப் பார்த்தால் அபாரம். ஆனால் எட்டு மணி நேர வேலைக்காக 1936 ஜூலை 30-ல் மில் தொழிலாளர்கள் உயிர்விட்ட ஊர் புதுச்சேரி. கம்யூனிசத்தை அவர் தாக்கும் உரைகளை, பனிப்போர்ப் பின்னணி சொல்லாமல் இங்கே போட்டால் பெரியவர்கள் எழுந்து கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும், பதிலோடு போங்கள்.

ஆங்கிலம் பழகாதவர்கள் அதிகமுள்ள அன்பியக் கூட்டத்துக்கு (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) இது தோதுப்படாது.