ஹசெதெரா: 399 படிகளும் நின்ற திருக்கோலமும்

ஜப்பானில் மலைச்சரிவுப் பௌத்தக் கோயில் என்றதும் பெரும்பாலான பயணிகள் கியோத்தோவின் கியோமிசு-தெராவுக்கே செல்கிறார்கள். அதன் அழகில் குறையொன்றும் இல்லை. ஆயினும் கூட்ட நெரிசலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப மனமில்லாமல், ஒரு மலைக்கோயிலில் அரை நாளாவது தங்கி அதை அறிய விரும்புவோருக்கு, நாரா மாநிலத்தின் சகுராய் நகரிலுள்ள ஹசெதெராவையே நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

தோம்யோ என்னும் துறவி பேரரசர் தென்முவின் நலம் வேண்டி 686ஆம் ஆண்டு இம்மலையில் ஒரு வெண்கலச் சிற்பத் தகட்டை நிறுவினார் என்றும், 727இல் தொகுதோ என்பவர் கருணையின் போதிசத்துவரான பதினொரு முகக் கன்னோனை எழுந்தருளச் செய்தார் என்றும் கோயில் மரபு கூறுகிறது. இன்று இது ஷிங்கோன் பௌத்தத்தின் புசான் பிரிவுக்குத் தலைமைக் கோயிலாகவும், சைகொகு என்னும் முப்பத்து மூன்று கன்னோன் தலங்களின் யாத்திரையில் எட்டாவது தலமாகவும் விளங்குகிறது.

வாயிலைக் கடந்ததும் தொடங்குகிறது நோபோரிரோ என்னும் படிமண்டபம். 399 படிகளுக்கும் மேலே கூரை வேய்ந்து, இருபுறமும் மரத்தூண்கள் நிறுத்தி, நடுவில் உருண்டை வடிவ விளக்குகளை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். முதன்முதலில் 1039இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் இம்மண்டபத்தின் கீழ்ப்பகுதிகள் தீயில் அழிந்து மெய்ஜி காலத்தில் (1868–1912) மீண்டும் எழுந்தவை. படிகளின் எண்ணிக்கையைக் கேட்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வொரு படியும் உயரம் குறைவாக இருப்பதால் மூச்சு வாங்காமல் ஏற முடிகிறது. அதைவிட முக்கியமானது, மண்டபம் கீழ், நடு, மேல் என மூன்றாகப் பிரிந்து திசை திரும்புவதால் உச்சி ஒரே பார்வையில் தெரிந்துவிடுவதில்லை என்பது. மலையேற்றத்தையே வழிபாட்டின் ஒரு பகுதியாக்கிய கட்டடக் கலையை இங்கே கால்களால் உணரலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கும்போது மட்டும் நிதானம் காட்ட வேண்டும்.

மேலே இருக்கும் தலைமை மண்டபம் ஷோகுன் என்னும் படைத்தலைமை ஆட்சியாளர் தொகுகாவா இயெமித்சுவின் கொடையால் 1650இல் கட்டப்பட்டது; 2004இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. உள்ளே நிற்கும் கன்னோன் 1538ஆம் ஆண்டு மரத்தில் செதுக்கப்பட்டவர். உயரம் பத்து மீட்டருக்கும் அதிகம். இடக்கையில் மலர்க் குடுவை, வலக்கையில் துறவியரின் வளையக்கோல். வழக்கமாகக் கன்னோன் கோல் ஏந்துவதில்லை; மக்களிடையே நடந்துவந்து துயர் துடைப்பவர் என்பதால் இக்கோலம் என்று விளக்கம் தருகிறார்கள், பாதங்களுக்குக் கீழே தாமரைக்குப் பதிலாகச் சதுரப் பாறை இருப்பதையும் அதனோடு சேர்த்தே சொல்கிறார்கள். கன்னோன் வேறு யாருமல்லர், அவலோகிதேசுவரரே. அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதனிடம் என்று பாடும் வீரசோழியம் என்னும் தமிழ் இலக்கண நூலை அறிந்த ஒருவருக்கு, இம்முகத்தை அந்நியமாக நோக்க இயலாது.

பொது வழிபாட்டு இடத்திலிருந்து திருமேனியின் மேற்பகுதியை மட்டுமே காண முடியும் என்பது இங்குள்ள ஒரே பெரிய குறை. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடைபெறும் சிறப்புத் தரிசனத்தின்போது தனிக் கட்டணம் செலுத்தினால், ஐந்நிற நூலை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கீழறைக்குள் சென்று பாதங்களைத் தொட்டு வணங்கலாம். பயண நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால், அந்தக் காலத்தையே தேர்ந்தெடுங்கள். தலைநிமிர்ந்து அண்ணாந்து பார்க்கும்போதுதான் சிற்பியின் அளவுக் கணக்கு புரிகிறது. முன்னிருந்து பார்த்தவர்கள் பாதியைத்தான் பார்த்தார்கள்.

மண்டபத்தின் முன்னே பள்ளத்தாக்கை நோக்கி நீண்டு நிற்கும் மரமேடை, கியோமிசுவின் மேடையைவிடச் சிறியது. ஆனால் இங்கே எதிரே தெரிவது நகரமன்று, மலையும் மரங்களும் மட்டுமே. மெருகேறிய தரைப்பலகைகளில் வெளியிலுள்ள பசுமையும் செம்மையும் நிழலாடும். நண்பகலில் சங்கொலியும் மணியொலியும் எழும். அதைக் கேட்க விரும்பினால் பன்னிரண்டு மணிக்குள் மேலே இருக்க வேண்டும்.

ஏப்ரல் இறுதியிலிருந்து மே தொடக்கம் வரை ஏறத்தாழ 7,000 பியோனிச் செடிகள் படிமண்டபத்தின் இருமருங்கிலும் பூக்கின்றன. அப்போது கூட்டமும் மிகுதி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலை 8:30க்கே திறந்துவிடுவதால் அந்நேரத்திலேயே நுழைந்துவிடுவது நல்லது.

கின்டெட்சு ஒசாகா தடத்தில் ஹசெதெரா என்னும் பெயரிலேயே நிலையம் உண்டு. கியோத்தோவிலிருந்தும் நாராவிலிருந்தும் வருவோர் யமாதோ-யாகியில் வண்டி மாற வேண்டும். நிலையம் எதிர்க்குன்றில் இருப்பதால் முதலில் இறங்கி, ஆற்றைக் கடந்து, பழைய கடைத்தெரு வழியாக இருபது நிமிடம் நடக்க வேண்டியிருக்கும். அத்தெருவில் கல்லில் வாட்டித் தரும் குசா-மோச்சியைச் சூடாக வாங்கி உண்ணுங்கள். மாசிபத்திரி வகை இலையும் அரிசியும் சிவப்புப் பயறும் சேர்ந்தது அது. மிவா சோமென் என்னும் மெல்லிய நூடுல்ஸும் இப்பகுதியின் சிறப்பு உணவுதான், ஆனால் அதன் சாற்றில் மீன் கலப்பது வழக்கம் என்பதால் சைவ உணவினர் கேட்டறிந்த பின்னரே உண்ண வேண்டும். இரண்டு நிலையங்கள் தள்ளியுள்ள முரோ-ஜியையும் அதே நாளில் இணைப்போர் பலர் உண்டு. முரோ-ஜியும் அருமையான மலைக்கோயில் என்பதால் அதற்கு வேறொரு நாளை ஒதுக்குவதே முறை.