பதிப்பதா, இணைப்பதா: வேர்டு ஆவணத்தில் படம் மறையாமல் இருக்க

மைக்ரோசாப்ட் வேர்டில் படத்தைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில், 'இன்செர்ட்' பொத்தானின் ஓரத்திலுள்ள சிறு அம்புக்குறியைச் சொடுக்கினால் மூன்று வழிகள் தென்படும்: படத்தை ஆவணத்துக்குள்ளேயே பதிப்பது, படக்கோப்பு இருக்கும் இடத்தை மட்டும் குறித்துவைப்பது (இதுவே இணைப்பு), இரண்டையும் சேர்த்துச் செய்வது. பின்னாளில் படம் தெரியாமல் தவிப்போமா என்பது பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகிறது.

இணைப்பு மட்டும் கொண்ட ஆவணம் அளவில் சிறியது. மூலப்படத்தைத் திருத்தினால் ஆவணத்திலும் அத்திருத்தத்தைக் கொண்டுவரலாம். ஆனால் படம் உள்ள கோப்புறையின் பெயரை மாற்றினாலோ, ஆவணத்தை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினாலோ, படத்துக்குப் பதில் சிவப்புப் பெருக்கல் குறிதான் மிஞ்சும். என் ஆய்வேட்டின் வரைபடங்கள் அச்சகத்துக் கணினியில் இப்படித்தான் காணாமல் போயின. அன்று நான் பட்ட பதற்றம் வேறு எந்த மாணவருக்கும் வரக்கூடாது. மூலப்படங்கள் உள்ள கணினியிலேயே, 'ஃபைல்' பட்டியின் 'இன்ஃபோ' பக்கத்தில் 'எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்' என்பதைத் திறந்து, படத்தை ஆவணத்தில் சேமிக்குமாறு குறியிட்ட பிறகே கோப்பை வெளியே அனுப்ப வேண்டும். வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் 'எடிட்' பட்டியிலுள்ள வெளிக்கோப்பு இணைப்புகளின் பட்டியலைத் திறந்து, இணைப்பைத் துண்டித்தால் படம் ஆவணத்துக்குள் வந்துவிடும்.

பதிப்பதில் கோப்பின் அளவு பெரிதாகும் என்பது உண்மை. ஆயினும் கைமாறிச் செல்லும் ஆவணத்துக்கு அதுவே ஏற்றது என்பேன். வேர்டு ஆவணத்தின் வழக்கமான வடிவமான டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கி அடக்கிய ஒரு ஜிப் பொதி என்பதால், அதன் நகலொன்றின் பின்னொட்டை ஜிப் என மாற்றித் திறந்து, 'வேர்டு' கோப்புறைக்குள் உள்ள 'மீடியா' என்ற இடத்தில் படம் இருக்கிறதா என்று நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம். சேர்த்துச் செய்யும் மூன்றாம் வழி, அடிக்கடி மாறும் வரைபடங்களுக்கு மட்டும் பொருந்தும்.

படம் உள்ளே இருந்தும் அதன் கீற்று மட்டுமே தெரிந்தால், குற்றம் வரி இடைவெளியுடையது. எழுத்தோடு வரியில் அமர்ந்த படம், இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்றிருந்தால் அந்த உயரத்துக்கே வெட்டப்படும். 'சிங்கிள்' என மாற்றினால் முழுதாகத் தெரியும். எழுத்து சுற்றி ஓடும்படி மிதக்கவிட்ட படத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது, தான் பிணைக்கப்பட்டுள்ள (நங்கூரமிட்ட) பத்தியோடு இடம் நகரும், 'டிராஃப்ட்' காட்சியில் தெரியவும் செய்யாது.